குரல் பதிவில் இரைச்சல் இருக்கிறது, சத்தமும் குறைவு. எதை முதலில் சரிசெய்வது?

இரைச்சலைத்தான். சத்தத்தை மட்டும் கூட்டினால் குரலும் இரைச்சலும் ஒரே அளவில் ஏறும், பலன் இல்லை.

ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளே இதற்குப் போதும். அசல் கோப்பை நகலெடுத்து வைத்துக்கொண்டு, யாரும் பேசாத ஓரிரு நொடிப் பகுதியைத் தேர்ந்தெடுத்து, 'நாய்ஸ் ரிடக்‌ஷன்' வசதியில் அதை மாதிரியாகக் கொடுங்கள். எந்தெந்த அதிர்வெண்ணில் எவ்வளவு இரைச்சல் என்பதை மென்பொருள் அதிலிருந்து கணக்கிட்டுக்கொள்ளும். அப்புறம் முழுப் பதிவையும் தேர்ந்தெடுத்து, 6 முதல் 12 டெசிபல் வரை குறைத்துப் பாருங்கள். பேராசை வேண்டாம். அதிகம் குறைத்தால் குரல் தண்ணீருக்கடியில் இருந்து வருவது போல ஆகிவிடும். அதற்குக் கொஞ்சம் இரைச்சலே தேவலை. மின்விசிறி, ஏசி போன்ற சீரான ஓசைக்குத்தான் இது சரிப்படும். நாய் குரைப்பதையோ பக்கத்து அறைப் பேச்சையோ இப்படி நீக்க முடியாது.

அடியில் 'கும்' என்ற உறுமல் இருந்தால், குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்குக் கீழுள்ள ஒலிகளைக் குறைக்கும் ஹை பாஸ் ஃபில்டரை 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். பேச்சு பெரும்பாலும் அதற்கு மேல்தான்.

இனி சத்தம். முழுப் பதிவின் சத்தத்தையும் ஒரே அளவில் ஏற்றும் 'நார்மலைஸ்' வசதியைப் போட்டு, உச்சத்தை, அதாவது பதிவின் மிக உரத்த இடத்தை, மைனஸ் 1 டெசிபலுக்குக் கொண்டுவாருங்கள் (0 தான் மேல் வரம்பு). அப்படியும் மெதுவாகக் கேட்டால், எங்கோ ஓர் இருமலோ கைதட்டலோ உச்சத்தைப் பிடித்து வைத்திருக்கிறது என்று பொருள். அந்த இடத்தை மட்டும் தனியாகக் குறையுங்கள், அல்லது உரத்த இடங்களை அடக்கி ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கம்ப்ரஸர் வசதியைப் போட்டுவிட்டு மறுபடி நார்மலைஸ் செய்யுங்கள். கம்ப்ரஸர், பேச்சின் இடைவெளிகளில் மிஞ்சிய இரைச்சலையும் கொஞ்சம் மேலே தூக்கும், அளவாகப் போடுங்கள்.