எஸ்டி டியூப் டிவில கேம் ஆட எந்த கேபிள் வாங்கலாம்? முதல்ல அந்த மஞ்சள் வயரை மாத்துங்க

வீட்ல எஸ்டி (ஸ்டாண்டர்ட் டெஃபனிஷன், ஹெச்டிக்கு முன்னாடி இருந்த தரம்) டியூப் டிவி ஒண்ணு இருக்கு, பிஎஸ்2 (பிளேஸ்டேஷன் 2), நின்டென்டோ வீ, சேகா மெகா டிரைவ்னு மூணு கன்சோலையும் அதுலதான் ஆடுறேன், மூணுக்குமே மஞ்சள் வெள்ளை சிவப்பு ஏவி கேபிள்தான், படத்தை மூணு வயர்ல பிரிச்சு அனுப்புற கம்போனன்ட் கேபிள் வாங்கினா வித்தியாசம் தெரியுமா, டிவியே எஸ்டிதானே, காசு தண்டமான்னு கேட்டிருக்கீங்க.

தெரியுங்க, நல்லாவே தெரியும். "டிவியே எஸ்டி, அதுக்கு எதுக்கு நல்ல கேபிள்"னு நிறைய பேர் சொல்றாங்க, எனக்கு அதைக் கேட்டாலே மனசு ஆறாது, ஏன்னா படத்துல எத்தனை லைன் இருக்குங்கிறது வேற, அந்தப் படம் டிவிக்குள்ள எந்த நிலைமைல போய் சேருதுங்கிறது வேற. அதே 480ஐ படத்தை (480 லைன், ஒண்ணு விட்டு ஒண்ணா ரெண்டு தடவைல வரையறது) சுத்தமாவும் அனுப்பலாம், குழப்பியடிச்சும் அனுப்பலாம். மஞ்சள் வயர் குழப்பியடிச்சுதான் அனுப்புது, அதோட அமைப்பே அப்படி.

அதுல ஒரே வயர்ல வெளிச்சமும் கலரும் சேர்ந்து போகுது. என்டிஎஸ்சினா (அமெரிக்கா, ஜப்பான் கலர் முறை) 3.58 மெகாஹெர்ட்ஸ், பால்னா (PAL, இந்தியா, ஐரோப்பாவோட கலர் முறை) 4.43 மெகாஹெர்ட்ஸ், அந்த ஒரு அலை மேல கலரை ஏத்தி வெளிச்சத்தோட கலந்து அனுப்பிடுவாங்க, டிவி அதை திரும்பப் பிரிக்கணும். ஒரே ஃபோன் லைன்ல ரெண்டு பேர் ஒரே நேரத்துல பேசினா யார் எதைச் சொன்னாங்கன்னு கொஞ்சம் கொஞ்சம் தப்பா காதுல விழும்ல, அந்த நிலைமைதான் டிவிக்கு. படத்துல இருக்குற நுணுக்கமான கோட்டை கலர்னு நினைச்சு அங்க இல்லாத வானவில் கலரைக் காட்டும், கலரை கோடுன்னு நினைச்சு ஓரத்துல புள்ளியா காட்டும். நம்பலைன்னா இன்னிக்கே டிவி கிட்ட போய் பாருங்க, நீல பேக்ரவுண்ட்ல சிவப்பு எழுத்தோ சிவப்பு ஹெல்த் பாரோ வர்ற இடத்துல அந்த ஓரத்தை மட்டும் கவனிங்க, சின்னச் சின்ன புள்ளிங்க ஓரத்தைப் புடிச்சு ஊர்ந்துகிட்டே இருக்கும், சிவப்பு அதோட எல்லையைத் தாண்டி பக்கத்துல வழிஞ்சிருக்கும். அது கன்சோல் வரைஞ்சது இல்ல, டிவியோட கோளாறும் இல்ல, கலந்து அனுப்பி பிரிச்சதுல வந்தது. விலை கூடின டிவிங்கள்ல கோம்ப் ஃபில்டர்னு ஒரு சர்க்யூட் இருக்கும், அது ஓரளவு நல்லா பிரிக்கும், ஆனா முழுசா பிரிக்க முடியாது.

எஸ்-வீடியோல அந்தக் கலப்படமே கிடையாது, வெளிச்சத்துக்கு ஒரு வயர், கலருக்கு ஒரு வயர், நாலு பின் இருக்குற சின்ன உருண்டை ப்ளக். புள்ளி ஊர்றது அன்னிக்கே நின்னுடும், எழுத்து பளிச்னு படிக்க வரும். கம்போனன்ட்ல இன்னும் ஒரு படி மேல, வெளிச்சம் பச்சை ப்ளக்ல, கலர் நீலம் சிவப்பு ப்ளக்ல ரெண்டா பிரிஞ்சு போகும், அதனால சிவப்பு வழியறதும் நல்லா குறையும். ஸ்கார்ட்ங்கிற அகலமான ஐரோப்பிய ப்ளக் வழியா போற ஆர்ஜிபில சிவப்பு பச்சை நீலம் மூணும் தனித்தனியா டிவிக்குப் போகும், கலரை ஏத்தி இறக்குற வேலையே கிடையாது. ஆன்டெனா வழியா சேனல் புடிச்சுப் பார்க்குற ஆர்எஃப் கேபிள் இதெல்லாத்துக்கும் கீழ, அதுல சத்தத்தையும் சேர்த்து ஒரே வயர்ல ஏத்திடுவாங்க, வேற வழியே இல்லாத ரொம்பப் பழைய டிவிக்குத்தான் அது.

இதுல என் கருத்து என்னன்னா, எஸ்டி டிவியைப் பொறுத்தவரை பெரிய தாவல் மஞ்சள் வயர்ல இருந்து வெளில வர்றதுதான். அங்க இருந்து எஸ்-வீடியோவுக்கோ கம்போனன்ட்டுக்கோ போனா யார் பார்த்தாலும் சொல்லிடுவாங்க. எஸ்-வீடியோல இருந்து கம்போனன்ட் போறது அவ்ளோ இல்ல, 14 இன்ச் டிவில தேடித்தான் பார்க்கணும், 29 இன்ச்ல சிவப்பு நீலம் அடர்த்தியா வர்ற சீன்ல தெரியும். கம்போனன்ட்டுக்கும் ஆர்ஜிபிக்கும் நடுவுல கண்ணுக்குத் தெரியற வித்தியாசம்னு கிட்டத்தட்ட ஒண்ணும் கிடையாது, அதுக்காக சண்டை போட்டு நேரத்தை செலவு பண்ணாதீங்க, உங்க டிவில எந்த ஓட்டை இருக்கோ அதுதான் உங்களுக்கு நல்லது.

அதனால வாங்குறதுக்கு முன்னாடி டிவியைத் திருப்பிப் பாருங்க. பச்சை நீலம் சிவப்பு மூணும் வரிசையா இருந்து பக்கத்துல கம்போனன்ட்னோ டிவிடி இன்னோ எழுதியிருந்தா அது கம்போனன்ட். சிலது முன்பக்கம் மூடிக்குள்ள எஸ்-வீடியோ ஒளிச்சு வெச்சிருக்கும், அதையும் திறந்து பாருங்க. ஐரோப்பாவுக்குன்னு செஞ்ச டிவினா அகலமான 21 பின் ஸ்கார்ட் இருக்கும். எதுவுமே இல்லாம மஞ்சள் மட்டும்தான் இருக்குன்னா கம்போனன்ட் கேபிள் வாங்கி பிரயோஜனம் இல்ல, பச்சை ப்ளக்கை மஞ்சள் ஓட்டைல சொருகினா படம் வரும், ஆனா கருப்பு வெள்ளைலதான் வரும், ஏன்னா அந்த வயர்ல வெளிச்சம் மட்டும்தான் இருக்கு.

இப்ப உங்க மூணு கன்சோலுக்கு வர்றேன்.

பிஎஸ்2வுக்கு கம்போனன்ட் தாராளமா வாங்கலாம். சோனி பிஎஸ்1, பிஎஸ்2, பிஎஸ்3 மூணுக்கும் ஒரே ஏவி மல்டி அவுட் ப்ளக்தான் வெச்சாங்க, அதனால பிஎஸ்3க்குன்னு விக்கிற கம்போனன்ட் கேபிளும் பிஎஸ்2வுல வேலை செய்யும். ஆனா பிஎஸ்1 பெட்டில அதை சொருகிடாதீங்க, அதுல கம்போனன்ட் சிக்னலே கிடையாது, எஸ்-வீடியோ இல்லன்னா ஆர்ஜிபிதான். பிஎஸ்2ல கேபிள் மாத்துறதுக்கு முன்னாடி, பழைய மஞ்சள் வயர் இருக்கும்போதே, சிஸ்டம் கான்ஃபிகரேஷன் உள்ள போய் கம்போனன்ட் வீடியோ அவுட்னு இருக்குறதைப் பாருங்க, கம்போனன்ட் கேபிள்னா வை-ல ஆரம்பிக்கிற ஆப்ஷன், ஸ்கார்ட்னா ஆர்ஜிபி. இது தப்பா இருந்தா கலர் எல்லாம் கன்னாபின்னான்னு வரும், ஸ்கார்ட்ல போட்டு செட்டிங் மாத்தாம விட்டா படம் முழுக்க பச்சையடிக்கும், உடனே கேபிள் போலின்னு திருப்பி அனுப்பிடுவாங்க, செட்டிங்தான் காரணம். பிஎஸ்1 டிஸ்க்கை பிஎஸ்2ல போட்டாலும் கம்போனன்ட்லயே வரும், 240பி-ல (240 லைன்), டியூப் டிவி அதை அருமையா காட்டும். பல எல்சிடி டிவிங்களுக்கு கம்போனன்ட்ல 240பி வந்தா என்ன செய்யறதுன்னே தெரியாது, இந்த விஷயத்துல உங்க டிவிதான் மேல்.

அந்த 240பி பத்தி ஒரு வார்த்தை. பழைய நின்டென்டோ கன்சோல்ல இருந்து பிஎஸ்1 வரைக்கும் பெரும்பாலான கேம் இன்டர்லேஸ் (480ஐ மாதிரி ஒண்ணு விட்டு ஒண்ணா வரையறது) இல்லாம இப்படித்தான் வரும், ஒவ்வொரு தடவையும் அதே லைன் மேலயே வரையப்படுறதால நடுவுல கருப்பு இடைவெளி தெரியும், ஸ்கேன்லைன்னு எல்லாரும் ஆசைப்படுறது அதைத்தான். கேபிள் நல்லா இருந்தா அந்தக் கோடு அவ்ளோ அழகா தெரியும்.

நின்டென்டோ வீ-க்கும் கம்போனன்ட்தான், ஆனா செட்டிங்ல ஸ்டாண்டர்ட் 480ஐ-லயே விட்டுடுங்க. கம்போனன்ட் கேபிள் சொருகினதும் 480பி (480 லைனையும் ஒரே தடவைல வரையறது) ஆப்ஷனும் காட்டும், கை பரபரக்கும், தொடாதீங்க. எஸ்டி டிவி நொடிக்கு சுமார் 15,700 லைன்தான் வரையும், 480பி-க்கு அதுல ரெண்டு மடங்கு வேணும், அதனால படம் கிழிஞ்சு ஓடும், இல்லன்னா ஒண்ணுமே வராது. கேபிள் வாங்கும்போது இன்னொண்ணு: வீ-ல எஸ்-வீடியோ என்டிஎஸ்சி மாடல்ல மட்டும், ஆர்ஜிபி பால் மாடல்ல மட்டும், கம்போனன்ட் மட்டும்தான் ரெண்டுலயும் உண்டு. நின்டென்டோவோட பழைய கன்சோலான கேம்கியூபும் இதே கதை, அதுல கம்போனன்ட்டுக்கு பின்னாடி தனி டிஜிட்டல் போர்ட் வேணும், பின்னால வந்த மாடல்ல அதை எடுத்துட்டாங்க.

மெகா டிரைவ்தான் யோசிக்க வேண்டிய கேஸ். அதுல எஸ்-வீடியோ கிடையாது, கம்போனன்ட் கிடையாது, மஞ்சள் இல்லன்னா ஆர்ஜிபி, நடுவுல ஒண்ணும் இல்ல. மஞ்சள் வயர்ல இந்த கன்சோலோட படம் கொஞ்சம் மோசம்னே சொல்லணும், மேலிருந்து கீழ வானவில் பட்டை தெரியும். ஆனா அதுலயே ஒரு அதிசயம் இருக்கு. சோனிக் முதல் கேமோட முதல் ஸ்டேஜ்ல நீர்வீழ்ச்சி வரும்ல, அதை ஒரு பிக்சல் விட்டு ஒரு பிக்சல் நெட்டுக் கோடா வரைஞ்சிருக்காங்க. மெகா டிரைவ் 320 பிக்சல் மோடுல சுமார் 6.7 மெகாஹெர்ட்ஸ்ல பிக்சலைத் தள்ளுது, ஒண்ணு விட்டு ஒண்ணுன்னா அதுல பாதி, அதாவது 3.36 மெகாஹெர்ட்ஸ் சொச்சம், என்டிஎஸ்சி கலர் அலையான 3.58-க்கு பக்கத்து வீடு. டிவியால அதைத் தனித்தனி கோடா பார்க்க முடியாம கலந்து விட்டுடும், கோடு மறைஞ்சு பின்னாடி இருக்குற பாறை தெரியற கண்ணாடித் தண்ணி வந்துடும். அந்தக் காலத்துல நிறைய கேம்ல நிழல், புகை, தண்ணி எல்லாம் இப்படித்தான் பண்ணாங்க. ஆர்ஜிபில போட்டா மத்ததெல்லாம் கண்ணாடி மாதிரி இருக்கும், தண்ணி மட்டும் வெறும் கோடா நிக்கும். எனக்கு அப்பவும் ஆர்ஜிபிதான் வேணும், ஸ்பிரைட் (கேம்ல நகர்ற உருவங்கள்) ஒவ்வொண்ணும் எவ்ளோ கவனமா வரைஞ்சிருக்காங்கன்னு அப்பதான் புரியுது, ஆனா மஞ்சள் வயரே போதும்னு ஒருத்தர் சொன்னா மெகா டிரைவ் விஷயத்துல நான் எதிர்த்துப் பேச மாட்டேன்.

ஸ்கார்ட் கேபிள் வாங்கறீங்கன்னா ப்ளக்கோட வாயைப் பாருங்க. 7, 11, 15 மூணு பின்தான் நீலம், பச்சை, சிவப்பு. அந்த பின்னே இல்லாம காலியா இருந்தா ஆர்ஜிபின்னு பெட்டில எழுதியிருந்தாலும் அது மஞ்சள் வயர் வேலைதான் பண்ணும். மஞ்சள் வெள்ளை சிவப்பு ப்ளக் மூணையும் சொருகுற ஸ்கார்ட் அடாப்டரும் அப்படித்தான், ப்ளக்தான் மாறுது, சிக்னல் மாறல. ஜப்பான் 21 பின் கேபிள் பார்க்க அச்சு அசல் இதே ஷேப், உள்ள வயரிங் வேற, ரெண்டையும் கலந்து சொருகாதீங்க, டிவிக்கோ கன்சோலுக்கோ கேடு வரலாம். சூப்பர் நின்டென்டோவுக்கு வாங்குறவங்க பால் கேபிளா என்டிஎஸ்சி கேபிளான்னு கேட்டு வாங்குங்க, உள்ள போடுற பார்ட்ஸே வேற. ரொம்ப மலிவான ஸ்கார்ட்ல ஒவ்வொரு வயருக்கும் தனி ஷீல்டு (இரைச்சலைத் தடுக்குற உலோக உறை) இருக்காது, ஸ்கிரீன் முழுக்க வெள்ளையா வரும்போது ஸ்பீக்கர்ல உர்ர்னு ஒரு சத்தம் கேக்கும், அது தெரிஞ்சா கேபிள்தான் காரணம்னு வெச்சுக்கலாம்.

காசை எதுல போடணும்னா ஷீல்டுல போடுங்க, தங்க முலாம்ல போடாதீங்க. தங்கம் துரு புடிக்காம காக்கும், அவ்ளோதான், படத்துல ஒரு புள்ளியைக் கூட மாத்தாது.

கம்போனன்ட் கேபிள்ல ரெண்டு சிவப்பு ப்ளக் வரும், ஒண்ணு படம், ஒண்ணு சத்தம். மாத்தி சொருகிட்டா படத்துல சிவப்பே காணாம போய் ஸ்பீக்கர்ல இரைச்சல் வரும், பயப்படாதீங்க, ஒண்ணும் கெட்டுப் போகாது, மாத்தி சொருகினா சரியாகிடும்.

வெளிநாட்டு என்டிஎஸ்சி கன்சோலை பால் டிவில ஆடுறவங்களுக்கும் இது உதவும். மஞ்சள்லயும் எஸ்-வீடியோலயும் டிவிக்கு அந்தக் கலர் முறை தெரியலைன்னா படம் கருப்பு வெள்ளையா வரும். ஆர்ஜிபிலயும் கம்போனன்ட்லயும் கலர் அலையே இல்லாததால டிவி 60 ஹெர்ட்ஸ் மட்டும் ஏத்துக்கிட்டா போதும், கலர் தானா வந்துடும்.

புது கேபிள் போட்டதும் டிவி மெனுல ஷார்ப்னஸை நல்லா இறக்குங்க. மஞ்சள் வயரோட மங்கலை மறைக்கத்தான் அதை ஏத்தி வெச்சிருப்போம், சுத்தமான சிக்னல் வந்தப்புறம் அதே அளவு இருந்தா எழுத்தைச் சுத்தி வெள்ளையா ஒரு கோடு அடிக்கும், கேபிள் சரியில்லைன்னு தோணும்.

பிஎஸ்3ஐயும் இந்த டிவில போடுற எண்ணம் இருந்தா அதே கம்போனன்ட் கேபிள் போதும், முன்னாடி ஹெச்டி டிவில ஓடினதா இருந்தா படம் வராது, ஆஃப் பண்ணிட்டு பவர் பட்டனை ரெண்டாவது பீப் கேக்குற வரைக்கும் அஞ்சு செகண்ட் போல அமுக்கிப் புடிங்க, டிஸ்ப்ளே செட்டிங் ரீசெட் ஆகிடும். அதுக்கப்புறம் வந்த கன்சோலை ஹெச்டிஎம்ஐ டு ஏவி கன்வர்ட்டர் போட்டு ஆடலாமான்னும் சிலர் கேக்குறாங்க, வேண்டாங்க, கடைசில அதுவும் மஞ்சள் வயர்லதான் வந்து நிக்குது, அந்த கேம்ல வர்ற எழுத்தெல்லாம் ஹெச்டிக்குன்னு பொடிசா வெச்சது, எஸ்டி டிவில படிக்கறது ரொம்பக் கஷ்டம்.