லண்டனிலிருந்து பாரிஸ் எவ்வளவு தூரம்? விமானத்தில் எவ்வளவு நேரம் ஆகும்?

நேர்கோட்டில் அளந்தால் சுமார் 344 கிலோமீட்டர். டிக்கெட்டில் ஒன்றேகால் மணி நேரம் என்று போட்டிருக்கும். அதில் விமானம் வானத்தில் இருப்பது முக்கால் மணி நேரம் போலத்தான். மிச்சமெல்லாம் தரையில் ஊர்வது.

கடிகாரம் வேறு குழப்பும். பாரிஸ் ஒரு மணி நேரம் முன்னால் இருப்பதால், காலை 9.30க்குப் புறப்பட்டால் 10.45க்குப் பதில் 11.45க்கு இறங்குவதாகக் காட்டும். திரும்பும்போது 9.30க்கு ஏறி 9.45க்கே லண்டனில் இறங்கிவிடலாம். முதல் முறை டிக்கெட்டைப் பார்த்தபோது அச்சுப் பிழை என்றே நினைத்தேன்.

ஆனால் உங்களுக்குத் தெரிய வேண்டியது வீட்டு வாசலிலிருந்து வாசலுக்கு எவ்வளவு நேரம் என்பதுதானே? நான் இருப்பது லண்டனில் ஈஸ்ட் ஹாம். அக்கா வீடு பாரிஸில், ஈழத்தமிழர் கடைகள் நிறைந்த லா சாப்பல் பக்கம். ஒரே ஒரு முறை விமானத்தில் போனேன். காலை ஆறு மணிக்கு வீட்டைப் பூட்டியவன், அக்கா வீட்டு மணியை அடித்தபோது அங்கே மதியம் ஒன்றரை. ஆறரை மணி நேரம்! சார்லஸ் து கோல் விமான நிலையம் நகரத்துக்கு வெளியே 25 கிலோமீட்டரில் இருக்கிறது. இறங்கிய பிறகும் ரயில் பிடித்தாக வேண்டும். இது போதாதென்று, அம்மா அக்காவுக்காகப் போட்டுக் கொடுத்த எலுமிச்சை ஊறுகாயை லண்டனில் சோதனையிலேயே எடுத்துவிட்டார்கள். ஊறுகாயும் திரவக் கணக்காம், அப்போதைய விதிப்படி 100 மில்லிக்கு மேல் கூடாதாம். அந்த அதிகாரி மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டுத்தான் தொட்டியில் போட்டார்.

அதன்பிறகு யூரோஸ்டார் ரயில்தான். லண்டனின் செயின்ட் பாங்கிராஸ் நிலையத்தில் ஏறினால் பாரிஸின் கார் து நோர் நிலையம் வரை சுமார் இரண்டேகால் மணி நேரம். கடலுக்கடியில் போகும் 50 கிலோமீட்டர் சுரங்கத்தைக் கடக்க இருபது நிமிடம். வெளியே வந்ததும் பிரான்ஸ் வயல்கள். ஒரு மணி நேரம் முன்னதாக நிலையத்துக்குப் போனால் போதும். திரவக் கட்டுப்பாடு கிடையாது. ஊறுகாய் இப்போது பத்திரமாகப் போய்ச் சேருகிறது. இறங்கிப் பத்து நிமிடம் நடந்தால் லா சாப்பல். மொத்தம் நாலரை மணி நேரத்துக்குள் அக்கா வீட்டில் சாப்பிட உட்கார்ந்துவிடலாம்.

பிரெஞ்சு அதிகாரிகள் லண்டனிலேயே பாஸ்போர்ட்டைப் பார்த்துவிடுவார்கள். இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டில் சுற்றுலா போகிறவர்களுக்கு பிரிட்டன் விசா மட்டும் போதாது, பிரான்ஸ் உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவும் வேண்டும். ரயில் டிக்கெட்டைக் கடைசி நேரத்தில் வாங்கினால் விமானத்தைவிட விலை கூடிவிடலாம். தேதி முடிவானதும் எடுத்துவிடுங்கள்.

பாரிஸில் இறங்கி வேறு ஊருக்கு விமானம் மாறுகிறவர்களுக்கு மட்டும் ரயிலைச் சொல்லமாட்டேன். அவர்கள் ஒரே டிக்கெட்டாக எடுத்துக்கொண்டால் பெட்டியும் நேராகக் கடைசி ஊருக்கே போய்விடும்.