மறுமொழி: மூட்டுவலி உள்ள அம்மாவுடன் லேகாக் கிராமம், ஒரே நாளில்

வணக்கம். லண்டனிலிருந்து காரில்லாமல் ஒரே நாளில் இங்கிலாந்தின் வில்ட்ஷர் பகுதியிலுள்ள லேகாக் கிராமத்துக்குச் சென்று திரும்ப இயலுமா, படியேற முடியாத தங்கள் தாயாருக்கு அங்கே பார்க்க என்ன இருக்கும் என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகச் செல்லலாம். லண்டனின் பேடிங்டன் நிலையத்திலிருந்து சிப்பனம் ஊர் வரை ரயில். அங்கிருந்து சில மைல்களே என்பதால், பேருந்துக்குக் காத்திருக்காமல் அம்மாவுக்காக வாடகைக் காரே அமர்த்திவிடுங்கள்.

முதலில் மடாலயத்துக்குச் செல்லுங்கள். சாலிஸ்பரி சீமாட்டி ஈலா 1232இல் நிறுவிய அந்தக் கன்னியர் மடத்தின் கல்லாலான வளைவுக் கூரை கொண்ட சுற்றுத்தாழ்வாரம் தரைத்தளத்திலேயே இருப்பதால், அம்மா நிதானமாகப் பார்க்கலாம். மாடியிலுள்ள தென்கூடத்துக்கு நீங்கள் மட்டுமாவது அவசியம் ஏறிப் பாருங்கள். 1835 ஆகஸ்டில், புகைப்படக்கலையின் முன்னோடியான ஃபாக்ஸ் டால்பட் அங்குள்ள சாளரத்தைத்தான் தபால்தலை அளவேயான புகைப்பட நெகடிவாக (ஒளியும் நிழலும் தலைகீழாகப் பதிந்த படமாக) பதிவுசெய்தார். அதில் ஏறத்தாழ 200 கண்ணாடிச் சதுரங்களை உருப்பெருக்கியால் எண்ண முடிந்தது என்று அவரே குறித்துவைத்தார். இன்று எஞ்சியிருக்கும் நெகடிவ்களில் மிகப் பழையது அதுவே. அம்மாவுக்கு அச்சாளரத்தை வெளியே தெற்குப் புல்வெளியிலிருந்து காட்டிவிடலாம்.

தெருக்களைப் பார்க்கக் கட்டணமில்லை. 1944இல் அதே குடும்பத்து மாடில்டா டால்பட் கிராமத்தையும் மடாலயத்தையும் பாரம்பரிய இடங்களைப் பேணும் நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்குக் கொடையளித்தார். பழைய மரச்சட்ட வீடுகளில் இன்றும் மக்கள் வாழ்வதால், சன்னல் வழியே எட்டிப் பார்ப்பதைத் தயவுசெய்து தவிருங்கள். விளைச்சலில் பத்தில் ஒரு பங்கை வரியாகப் பெற்றுச் சேமித்த தசமபாகத் தானியக் களஞ்சியத்தின் மரக்கூரையை மட்டும் தவறவிடாதீர்கள். மடாலய அறைகள் திறந்திருக்கும் நேரத்தைப் பார்த்த பிறகே ரயில் சீட்டு எடுங்கள்.