தகுதி இல்லாதவங்களுக்கும் அழைப்பு வருமா? - வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்க சபையில இந்த வருஷம் என்னை சண்டே ஸ்கூல் டீச்சரா போட்டுட்டாங்க. நான் எட்டாவது வரைக்கும்தான் படிச்சிருக்கேன். அதைவிட பெரிய கஷ்டம், பதட்டமானா எனக்கு வாய் திக்கும். குருவானவர் ஐயாகிட்ட முடியாதுன்னு சொல்லிட்டேன், அவங்க "ஜெபிச்சுட்டு சொல்லுங்கம்மா"ன்னுட்டாங்க. என்ன பண்ணட்டும்?
- ஒரு சகோதரி, தூத்துக்குடி மாவட்டம்

பதில்: தங்கச்சி, யாத்திராகமம் 3, 4 ரெண்டு அதிகாரத்தையும் ஒரே மூச்சுல உக்காந்து வாசிங்க, நான் கீழ சொல்றதை அப்புறம் படிச்சா போதும். இஸ்ரவேலரை எகிப்துல இருந்து கூட்டிட்டு வான்னு கர்த்தர் கூப்பிட்டப்ப மோசே ஒரு சாக்கு ரெண்டு சாக்கு இல்ல, வரிசையா சொல்லிக்கிட்டே போறாரு. நான் எம்மாத்திரம்னு ஆரம்பிச்சு, அவங்க உம்ம பேரு என்னன்னு கேட்டா என்ன சொல்லன்னு கேட்டு, என்னை நம்பமாட்டாங்கன்னு சொல்லி, கடைசியா உங்க பிரச்சனைக்கே வந்துடுறாரு, "நான் திக்குவாயும் மந்தநாவும் உள்ளவன்"னு. இத்தனைக்கும் கர்த்தர் கோவப்படவே இல்ல, ஒவ்வொண்ணுக்கும் பொறுமையா பதில் சொல்றாரு, மனுஷனுக்கு வாயை உண்டாக்குனது யாருன்னு கேக்குறாரு. வேற யாரையாவது அனுப்பும்னு மோசே சொன்னப்பதான் கோவம் வருது. அப்பவும் அவரை விட்டுடலை பாருங்க, உன் அண்ணன் ஆரோன் நல்லா பேசுவான், அவன் உன்னைப் பாக்க புறப்பட்டு வந்துட்டு இருக்கான்னு சொல்றாரு. எனக்கு இந்த இடம் ரொம்ப பிடிக்கும். மோசே சாக்கு சொல்லிட்டு இருக்கும்போதே தொணைக்கு வேண்டிய ஆள் வழியில நடந்து வந்துட்டு இருக்கான். திக்குற நாக்கை கர்த்தர் அங்கேயே சரி பண்ணிட்டாருன்னு ஒரு வசனமும் கிடையாது, ஆனா கூட நிக்க ஒரு ஆள் கொடுத்தாரு, நான் உன் வாயோட இருப்பேன்னு வாக்கும் கொடுத்தாரு.

அதனால நீங்க ஐயாகிட்ட போய் ஒத்தையில ஒரு வகுப்பை எடுக்க மாட்டேன், கூட ஒரு டீச்சர் இருந்தா செய்றேன்னு தைரியமா கேளுங்க, அது அவிசுவாசம் ஒண்ணும் இல்ல. முதல்ல சின்ன பிள்ளைங்க வகுப்பு வாங்கிக்கோங்க. திக்குற நிறைய பேருக்கு பாட்டு பாடும்போது திக்காது, அதனால பாட்டும் ஆக்‌ஷனும் உங்க பொறுப்பா இருக்கட்டும், கதை சொல்றதை இன்னொருத்தர் பாக்கட்டும், அப்புறம் மெதுவா நீங்களும் ஒரு சின்ன கதையை எடுங்க, முந்தின நாளே வீட்ல சத்தமா நாலு தடவை சொல்லி பாத்துக்கோங்க. எட்டாவது படிப்பை பத்தி ஒரே வார்த்தைதான், நம்ம தென் ஜில்லாவுல எத்தனையோ சபை எழுதப் படிக்கக் கூட தெரியாத பாட்டிங்க வசனத்தை மனப்பாடமா சொல்லிக் கொடுத்து வளந்த சபை. திக்குற பிள்ளை ஒண்ணு உங்க வகுப்புல வந்து உக்காந்தா அதுக்கு உங்களை மாதிரி டீச்சர் வேற யாரு கிடைப்பா சொல்லுங்க.

கேள்வி: நான் ரொம்ப வருஷம் குடிச்சு அழிஞ்சவன், ஒரு அடிதடி கேஸ்ல ஜெயிலுக்கும் போயிருக்கேன். இப்ப ரட்சிக்கப்பட்டு மூணு வருஷம் ஆகுது, குடி அறவே இல்ல. சபையில ஏதாவது ஊழியம் செய்யணும்னு ஆசை. ஆனா நான் எந்திரிச்சு சாட்சி சொன்னாலே சிலர் முகம் மாறுது. என் பழசு எனக்கு தடையா?
- ஒரு சகோதரர், மதுரை

பதில்: அண்ணே, உங்களுக்கு பாளையங்கோட்டை கதை ஒண்ணு சொல்லணும். தஞ்சாவூர்ல கோகிலான்னு ஒரு பிராமண விதவை இருந்தாங்க, லிட்டில்டன்னு ஒரு இங்கிலீஷ் ராணுவ அதிகாரியோட கல்யாணம் இல்லாம வாழ்ந்தாங்க. அவர் மூலமாதான் கிறிஸ்துவை பத்தி தெரிஞ்சுகிட்டாங்க, ஞானஸ்நானம் கேட்டாங்க, ஜெர்மன் மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயர் இந்த நிலைமையில தர முடியாதுன்னுட்டாரு. அந்த அதிகாரிக்கு பாளையங்கோட்டைக்கு மாத்தலாகி ரெண்டு பேரும் அங்க வந்தாங்க, அவர் செத்தும் போனாரு. 1778-ல ஸ்வார்ட்ஸ் பாளையங்கோட்டைக்கு வந்தப்ப அந்தம்மாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்தாரு, குளோரிந்தான்னு பேரு வச்சாரு. 1780-ல எழுதின அந்த சபை லிஸ்ட்ல மொத்தம் 40 பேர், முதல் பேரே அவங்க பேருதான். 1785-ல அவங்க முயற்சியில கட்டின கோவிலை ஸ்வார்ட்ஸே வந்து பிரதிஷ்டை பண்ணாரு, இன்னைக்கும் ஜனங்க பாப்பாத்தி அம்மா கோவில்னுதான் சொல்றாங்க. திருநெல்வேலி திருச்சபை சரித்திரத்தை அந்த அம்மாவை விட்டுட்டு யாராலயும் எழுத முடியாது. அன்னைக்கும் முகம் மாறினவங்க இருந்திருப்பாங்கதானே, விதவை, வெள்ளைக்காரனோட இருந்தவன்னு. அப்படி முகம் மாறினவங்க பேரு ஒண்ணும் நமக்கு தெரியாது.

இதுல நீங்க கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு, ஸ்வார்ட்ஸ் அவசரப்படலை, அந்தம்மாவும் கோவிச்சுகிட்டு விசுவாசத்தை விட்டுடலை. பவுலையே எடுத்துக்கோங்க, முன்னால சபையை துன்பப்படுத்தினவரு, தமஸ்கு ரோட்டுல ஒளியை பாத்தவரு, ஆனா எருசலேம்ல சீஷர் யாரும் அவரை நம்பலை, பயந்தாங்க, பர்னபாதான் கையை பிடிச்சு அப்போஸ்தலர்கிட்ட கூட்டிட்டு போனாரு. அப்புறம் சொந்த ஊர் தர்சுவுக்கு அனுப்பிட்டாங்க, அங்க அவர் என்ன செஞ்சாருன்னு பெருசா எழுதவே இல்ல, மறுபடியும் பர்னபாதான் தேடிப் போய் அந்தியோகியாவுக்கு கூட்டிட்டு வர்றாரு. சபையில நம்பிக்கை வளர காலம் ஆகும், அதை அவமானமா எடுத்துக்காதீங்க. உங்க சபையில ஒரு பர்னபா இருப்பாரு, அவரோட ஒட்டிக்கோங்க.

"அமேசிங் கிரேஸ்" பாட்டு எழுதின ஜான் நியூட்டனை பத்தியும் சொல்லிடுறேன், ஏன்னா அவர் கதையை நிறைய பேர் பாதியோட நிறுத்திடுறாங்க. 1748-ல புயல்ல மாட்டி கடவுளை கூப்பிட்டவரு, உடனே நல்லவரா மாறிட்டாருன்னு பிரசங்கத்துல கேக்குறோம், ஆனா அதுக்கப்புறமும் 1754 வரைக்கும் அடிமைங்களை ஏத்துற கப்பல்லதான் போனாரு, அதுல கேப்டனாவும் இருந்தாரு. 1764-ல குருவானவர் ஆனாரு. அடிமை வியாபாரம் எவ்வளவு கொடுமைன்னு நான் கண்ணால பாத்தேன், நானும் அதுல பங்கு வச்சிருந்தேன்னு வெளிப்படையா எழுதினது 1788-ல. புயலுக்கும் அதுக்கும் நடுவுல 40 வருஷம். அவரு சொன்ன சாட்சி, அடிமை வியாபாரத்தை எதிர்த்து போராடுனவங்களுக்கு பெரிய பலமா இருந்துச்சு, 1807-ல அதை தடை செஞ்ச சட்டம் வந்ததை உயிரோட இருந்து பாத்துட்டுதான் அந்த வருஷக் கடைசியில இறந்தாரு. மறைச்சு வச்சிருந்த பழசை வெளிச்சத்துல வச்சப்பதான் அது அடுத்தவனுக்கு பிரயோஜனப்பட்டுச்சு.

உங்களுக்கு நான் சொல்றது, மேடையை தேடாதீங்கண்ணே. உங்க ஏரியாவுல குடியில கிடக்குற குடும்பத்துக்கு எந்த ஐயரும் நடுராத்திரி போக முடியாது, நீங்க போலாம், கை நடுங்குறவன் பக்கத்துல உக்காந்து எனக்கும் இப்படித்தான் நடுங்குச்சுன்னு உங்களால மட்டும்தான் சொல்ல முடியும். ஒரு விஷயம் மறக்காம செய்ங்க, திடீர்னு குடியை நிறுத்துனா சிலருக்கு வலிப்பு வரும், உயிருக்கே ஆபத்து, அதனால ஜெபிச்சுட்டு ஆஸ்பத்திரிக்கும் கூட்டிட்டு போங்க. அன்னைக்கு உங்ககிட்ட அடி வாங்கினவரை இதுவரைக்கும் பாக்கலைன்னா ஒரு பெரியவரை கூட வச்சுகிட்டு போய் மன்னிப்பு கேட்டுட்டு வாங்க.

கேள்வி: எங்க ஊழியக்காரர் மேல பண விஷயத்திலயும், வாலிபப் பிள்ளைங்ககிட்ட தப்பா நடந்துக்கிறதாவும் புகார் இருக்கு. கேட்டா "தாவீது தப்பு பண்ணலையா, தேவன் குறைவுள்ளவங்களைத்தானே பயன்படுத்துறாரு, அபிஷேகம் பண்ணப்பட்டவர் மேல கை போடாதீங்க"ன்னு மூப்பர்களே சொல்றாங்க. இது சரியா?
- பெயர் வேண்டாம்

பதில்: சரியில்ல. சுத்தமா சரியில்ல.

தன்னை கொல்ல துரத்தின சவுல் ராஜா மேல கை போட மாட்டேன்னு தாவீது சொன்னது அவனை கத்தியால குத்த மாட்டேன்னு அர்த்தம், அதே தாவீது வெளியில நின்னு எல்லாரும் கேக்க சவுல்கிட்ட நீர் ஏன் என்னை அநியாயமா துரத்துறீர்னு நியாயம் கேக்கலையா? தாவீதே தப்பு பண்ணப்ப கர்த்தர் நாத்தான் தீர்க்கதரிசியை அனுப்பி மூஞ்சிக்கு நேரா "நீயே அந்த மனுஷன்"னு சொல்ல வச்சாரு, ராஜான்னு மூடி மறைக்கலை, மன்னிச்சதுக்கு அப்புறமும் அந்த வீட்டுல விளைவு வருஷக்கணக்கா ஓடுச்சு. தாவீதை சாக்கு சொல்றவங்க அவர் மனம் உடைஞ்சு மன்னிப்பு கேட்ட சங்கீதம் 51-ஐ ஏன் சொல்ல மாட்டேங்குறாங்க? வாய் திக்குறதும் படிப்பு இல்லாததும் பயப்படுறதும் குறைவு, அது வேற. அதிகாரத்தை வச்சு ஒரு பிள்ளையை தொடுறது குற்றம். ரெண்டையும் ஒரே கூடையில போடுறவங்க மோசேயையும் கேவலப்படுத்துறாங்க, அந்த பிள்ளையையும் கேவலப்படுத்துறாங்க. மூப்பனுக்கு விரோதமா ரெண்டு மூணு சாட்சியோட வந்தா விசாரிக்கணும், பாவம் பண்ணவரை எல்லாருக்கும் முன்னால கடிஞ்சுக்கணும்னு 1 தீமோத்தேயு 5-ல பவுல் எழுதியிருக்காரு, அதை அந்த மூப்பர்கள்கிட்ட வாசிச்சு காட்டுங்க. பணக் கணக்கை எழுத்துல கேளுங்க, உங்க டயோசிஸ் இல்லன்னா ஸ்தாபனத்தோட மேலிடத்துக்கு காப்பி அனுப்புங்க.

18 வயசுக்கு கீழ உள்ள பிள்ளை சம்பந்தப்பட்டிருந்தா சபைக் கூட்டம் போட்டு பேசுற விஷயமே இல்ல அது, பிள்ளைங்களை பாலியல் குற்றத்துல இருந்து காக்க 2012-ல வந்த போக்சோ சட்டப்படி தெரிஞ்சவங்க போலீஸ்ல சொல்லியே ஆகணும், சொல்லாம இருக்குறதே குற்றம். பிள்ளைங்களுக்கான உதவி எண் 1098-க்கு போன் பண்ணுங்க. இன்னைக்கே பண்ணுங்க. அந்த பிள்ளைகிட்ட உன் மேல தப்பு இல்லன்னு யாராவது ஒரு பெரியவங்க வாய் திறந்து சொல்லுங்க.

கேள்வி: தேவன் அழைச்சா அவரே கத்துக் கொடுப்பாரு, பைபிள் காலேஜ் எல்லாம் எதுக்குன்னு என் நண்பன் சொல்றான். உங்க கருத்து?
- ஒரு தம்பி, கோயம்புத்தூர்

பதில்: கத்துக் கொடுக்குறாரு தம்பி, ஆனா யார் மூலமா கொடுக்குறாருன்னு பாக்கணும்ல. அப்பொல்லோ நல்லா பேசுறவரு, அவரையே ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் தனியா கூப்பிட்டு உக்கார வச்சு சொல்லிக் கொடுத்தாங்க, அந்த ரெண்டு பேரும் கூடாரம் பண்றவங்க. ஜெயில்ல சாகுற நேரத்துல பவுல் எனக்கு புஸ்தகங்களை எடுத்துட்டு வான்னு எழுதுறாரு. ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு ஐயர் 1706 ஜூலையில தரங்கம்பாடியில இறங்கினப்ப அவருக்கு கிட்டத்தட்ட 24 வயசு, உடம்பு சரியில்லாம ஜெர்மனியில படிப்பைக் கூட ஒழுங்கா முடிக்காதவரு, இங்க வந்து சின்னப் பிள்ளைங்களோட திண்ணைப் பள்ளிக்கூடத்துல மணல்ல விரல் வச்சு அ ஆ எழுதினாரு, 1715-ல தமிழ் புதிய ஏற்பாடு அச்சாகி வந்துடுச்சு. காலேஜ் போக வசதி இருந்தா போ, இல்லன்னா தபால் வழி, ஆன்லைன் கோர்ஸ் இருக்கு, அதுவும் முடியலைன்னா வேதத்தை நல்லா தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட வாராவாரம் போய் உக்காரு, ஏதாவது ஒரு இடத்துல மாணவனா இரு.

கேள்வி: வட இந்தியாவுக்கு மிஷனரியா போயிட்டு ரெண்டே வருஷத்துல திரும்பிட்டேன். மலேரியா மாறி மாறி வந்துச்சு, உண்மையை சொன்னா பயமும் இருந்துச்சு. அனுப்பும்போது சபையில பெரிய கூட்டம் வச்சு ஜெபிச்சு அனுப்பினாங்க, இப்ப அவங்க முகத்துல முழிக்க முடியலை. என் அழைப்பு பொய்யா?
- ஒரு சகோதரி, கன்னியாகுமரி மாவட்டம்

பதில்: உங்க லெட்டரை ரெண்டு தடவை வாசிச்சேன்மா, ரொம்ப வலிச்சுது. மாற்கு என்கிற யோவானும் இப்படி பாதியில திரும்பினவர்தான், பம்பிலியாவுல பவுலையும் பர்னபாவையும் விட்டுட்டு எருசலேமுக்கு போயிட்டாரு, ஏன்னு அப்போஸ்தலர்ல எழுதலை. அடுத்த பயணத்துக்கு அவரை கூட்டிட்டு போகலாம்னு பர்னபா சொல்ல, பவுல் முடியவே முடியாதுன்னு சொல்ல, அந்த சண்டையில ரெண்டு பெரிய ஊழியக்காரங்களே பிரிஞ்சுட்டாங்க. மாற்குவுக்கு எப்படி இருந்திருக்கும், தன்னாலதானே இதுன்னு. பர்னபா அவரை சீப்புரு தீவுக்கு கூட்டிட்டு போனாரு, அது பர்னபாவோட சொந்த ஊர். கடைசி காலத்துல ஜெயில்ல இருந்து அதே பவுல் எழுதுறாரு, மாற்குவை உன்னோட கூட்டிட்டு வா, "ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன்"னு.

டோனாவூர்ல பிள்ளைங்களை எடுத்து வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மாவை அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்ல, ஆனா அவங்க முதல்ல போனது ஜப்பானுக்குன்னு நிறைய பேருக்கு தெரியாது. 1893-ல போனாங்க, உடம்பு முடியாம திரும்பினாங்க. அதுக்கு முன்னால சீனாவுக்கு போக கேட்டப்ப ஆரோக்கியம் பத்தாதுன்னு சொல்லிட்டாங்க. 1895-ல இந்தியாவுக்கு வந்தவங்க 1951-ல சாகுற வரைக்கும் ஒரு தடவை கூட சொந்த நாட்டுக்கு போகலை. 1931-ல கீழே விழுந்து அடிபட்ட பிறகு கடைசி 20 வருஷம் கிட்டத்தட்ட படுக்கையிலயும் அந்த ஒரு ரூம்லயுமேதான், அங்க இருந்தேதான் எழுதினாங்க, பிள்ளைங்களை கவனிச்சாங்க.

நீங்க இப்ப மூணு காரியம் செய்ங்கம்மா. முதல்ல நல்ல டாக்டர்கிட்ட ரத்தம் டெஸ்ட் பண்ணி மலேரியா முழுசா போச்சான்னு பாருங்க, சில வகை மலேரியா ஈரல்ல ஒளிஞ்சு இருந்து மாசக்கணக்குல கழிச்சு மறுபடி வரும், அதுக்கு தனி மருந்து உண்டு, கோர்ஸை பாதியில நிறுத்தக் கூடாது. அடுத்தது உங்க போதகர்கிட்ட தனியா போய் மலேரியாவோட சேத்து பயத்தையும் சொல்லுங்க, அதைத்தான் நீங்க யார்கிட்டயும் சொல்லாம வச்சிருக்கீங்கன்னு லெட்டர்லயே தெரியுது. அப்புறம் நீங்க ரெண்டு வருஷம் கத்துகிட்ட ஹிந்தி இருக்கு பாருங்க, உங்க ஜில்லாவுலயே ரப்பர் தோட்டத்துலயும் கட்டட வேலையிலயும் ஜார்கண்ட், பீகார், ஒடிசால இருந்து வந்தவங்க எத்தனை பேரு இருக்காங்க, அவங்ககிட்ட ஞாயித்துக்கிழமை சாயங்காலம் போய் சாப்டீங்களான்னு அவங்க பாஷையில கேக்க உங்க சபையில உங்களை விட்டா ஆள் இல்ல. இப்போதைக்கு தனியா போக வேண்டாம், பெண்கள் ஐக்கிய சங்கத்துல ரெண்டு பேரை கூட்டிட்டு போங்க, எப்படி போச்சுன்னு அடுத்த மாசம் எனக்கு எழுதுங்க.