இட்லி ஏன் அழுக்காகத் தெரிகிறது?

தினம் ஒரு படம் என்று தொடங்கி நாற்பது நாள் தாண்டிவிட்டீர்கள், பயணப் படமும் மரம் செடிப் படமும் நன்றாக வருகின்றன, சாப்பாட்டுப் படம் மட்டும் மஞ்சளடித்து இட்லி அழுக்காகத் தெரிகிறது என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் போனில் குறையில்லை நண்பரே. தட்டு முழுக்க வெள்ளையாக இருந்தால் கேமரா அதை அதிக வெளிச்சம் என்று நினைத்து இருட்டாக்கிவிடும், அதனால்தான் இட்லி சாம்பல் நிறத்துக்குப் போகிறது. திரையில் இட்லியைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கொஞ்சம் மேலே இழுங்கள். இட்லியின் சின்னத் துளைகள் தெரிய வேண்டும், அவை மறைந்தால் வெளிச்சம் கூடிப்போய்விட்டது.

மஞ்சள் வேறு விஷயம். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள், எண் குறையக் குறைய மஞ்சள் கூடும். கடைகளில் எரியும் மஞ்சள் பல்பு சுமார் 2700 கெல்வின், பகல் வெளிச்சம் 5500 பக்கம், இரண்டும் ஒரே தட்டில் விழுந்தால் எந்த ஆப்பிலும் முழுசாகச் சரிசெய்வது கஷ்டம். ஜன்னலோர மேசை கிடைக்கும் நேரத்தில் போங்கள், வெளிச்சம் பக்கவாட்டில் விழட்டும், எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைத் தாளை நிறுத்தினால் நிழல் இளகும், நான் எப்போதும் பையில் ஒன்று வைத்திருக்கிறேன். வீட்டில் என்றால் பல்பை அணைத்துவிடுங்கள். அப்புறம், ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம், சாம்பாரில் மிதக்கும் எண்ணெய் மட்டும்தான் தெரியும். நாளைக்கு எடுத்ததைப் போடுங்கள், பார்க்கிறேன்.