வக்காலத்தில் கையெழுத்துப் போடும் முன்

நானும் கணவரும் பேசிப் பிரிய முடிவு செய்துவிட்டோம். 'முப்பதே நாளில் டைவர்ஸ்' என்று போனில் விளம்பரம் வருகிறது. நம்பலாமா? நல்ல வக்கீலை எப்படிக் கண்டுபிடிப்பது?
— பெயர் வேண்டாம், வேளச்சேரி

வக்கீல்கள் விளம்பரம் செய்வதே பார் கவுன்சில் விதிப்படி தவறு. அதை மீறித்தான் அந்த விளம்பரம் உங்கள் போனுக்கு வருகிறது. முடிவை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.

சென்னையின் குடும்ப நல நீதிமன்றங்கள் உயர் நீதிமன்ற வளாகத்துக்குள் இருக்கின்றன. உங்களுக்குத் தேவை அங்கே தினமும் வழக்கு நடத்துகிறவர். சொத்து வழக்குக்குப் பேர்போன குடும்ப வக்கீல் இதற்குத் தோதாக இருப்பார் என்று சொல்ல முடியாது. முதல் சந்திப்பிலேயே கேளுங்கள்: கோர்ட்டில் நிற்கப்போவது நீங்களா, ஜூனியரா? ஃபீஸ் மொத்தமாகவா, வாய்தாவுக்கு இவ்வளவு என்றா? டைப்பிங், ஜெராக்ஸ், நோட்டீஸ் செலவு அதில் அடக்கமா? பதிலை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்தா கணக்கில் ஃபீஸ் பேசினால் வழக்கு நீள நீளச் செலவும் ஏறும்.

ஜீவனாம்சத் தொகையில் இத்தனை சதவீதம் என்று யாராவது பேரம் பேசினால் எழுந்து வந்துவிடுங்கள். அப்படி ஃபீஸ் வாங்க விதியே இடம் தரவில்லை. சந்தேகம் வந்தால் பதிவு எண்ணைக் கேட்டு, தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலில் சரிபார்க்கலாம்.

வெற்றுத்தாளில் கையெழுத்து கூடவே கூடாது. மனு பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். வரிக்கு வரி தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டபிறகு பேனாவை எடுங்கள். நடுவில் வக்கீலை மாற்ற நேர்ந்தால், ஃபீஸ் பாக்கி என்று காரணம் சொல்லி அவர் உங்கள் வழக்குக் கட்டை நிறுத்திவைக்க முடியாது. உச்ச நீதிமன்றம் 2000-லேயே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது.

மகளுக்குக் கல்யாணம் நடந்தது மதுரையில், மருமகன் இருப்பது கோவையில். மகள் ஆறு மாதமாக எங்களோடு இருக்கிறாள். பெரியவர்கள் பேசி, கல்யாணத்தைத் தீர்த்துவிட்டதாக முத்திரைத்தாளில் 'விடுதலை' எழுதி வாங்கிவிட்டார்கள். அது போதுமா? வக்கீல் வைக்கவும் வசதி இல்லை.
— ஒரு தாய், பெரம்பூர்

போதாதும்மா. சில சமூகங்களில் வழக்கப்படி தீர்த்துக்கொள்வதைச் சட்டம் ஏற்கிறது. ஆனால் அப்படி ஒரு வழக்கம் உண்டு என்பதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். அந்தத் தாளை மட்டும் நம்பி மறுமணம் செய்து வைத்தால், இரண்டாவது கல்யாணம் செல்லாமல் போகும் ஆபத்து இருக்கிறது.

இந்து திருமணச் சட்டத்தில் 2003-ல் வந்த திருத்தப்படி, மனைவி தான் குடியிருக்கும் ஊரிலேயே மனு போடலாம். மதுரைக்கோ கோவைக்கோ அலைய வேண்டாம். கல்யாணமாகி ஒரு வருடம் முடிந்துவிட்டதா என்று மட்டும் பாருங்கள். அதற்குள் மனு போட நீதிமன்றத்தின் தனி அனுமதி வேண்டும், அது சுலபத்தில் கிடைக்காது. இலவச சட்ட உதவி பெறப் பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது. உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100-க்குப் போன் செய்யுங்கள். கல்யாணப் பத்திரிகை, தாலி கட்டும் போட்டோ, பதிவுச் சான்று, இருவரின் ஆதார் நகலை மறக்காமல் எடுத்துப்போங்கள்.

மியூச்சுவலில், அதாவது இருவரும் சம்மதித்துக் கேட்கும் டைவர்ஸில், ஆறு மாதம் காத்தே ஆக வேண்டுமா? பேசிய பணத்தை எப்போது கொடுப்பது?
— வாசகர், அம்பத்தூர்

மனு போடும்முன் ஒரு வருடமாவது பிரிந்திருக்க வேண்டும். ஒரே வீட்டில் இருந்தாலும் கணவன் மனைவியாக வாழாவிட்டால் அது பிரிவுதான். மனு போட்ட நாளிலிருந்து ஆறு மாதம் கழித்து, பதினெட்டு மாதத்துக்குள் இருவரும் மறுபடி வந்து சம்மதம் சொல்ல வேண்டும். அந்த ஆறு மாதத்தை நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்கு, மனு போடும்போதே ஒன்றரை வருடப் பிரிவு முடிந்திருக்க வேண்டும். சமரச முயற்சி தோற்றிருக்க வேண்டும். பணம், குழந்தை எல்லாம் பேசி முடிந்திருக்கவும் வேண்டும்.

பணத்தில்தான் பல கேஸ்கள் கவிழ்கின்றன. தீர்ப்பு வரும்வரை யாரும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். முழுத் தொகையையும் முதல் நாளே கொடுத்தவர், எதிர்த் தரப்பு வராமல் போனால் திண்டாடுவார். எதுவுமே வாங்காமல் கையெழுத்துப் போட்டவருக்கும் அதே கதிதான். ஒரு பங்கை மனு தாக்கலின்போதும், மீதியை இரண்டாம் முறை ஆஜராகும் நாளில் நீதிபதி முன்னிலையில் டிடியாகவும் கொடுப்பது நல்லது. டிடி எண், வங்கி, தேதி எல்லாம் பதிவாக வேண்டும்.

நகைக்கு 'எல்லாம் திருப்பித் தரப்பட்டது' என்று ஒரே வரியில் முடிக்காதீர்கள். வளையல் இத்தனை பவுன், ஆரம் இத்தனை பவுன் என்று பட்டியலே போடுங்கள். குழந்தையைப் பார்க்கும் நாள், நேரம், இடம், பள்ளிக் கட்டணம் யார் பொறுப்பு என்பதும் அப்படித்தான். 'இருவருக்கும் வசதியான நேரத்தில்' என்று எழுதினால் அடுத்த சண்டைக்கு அதுவே விதை.

இது இந்து திருமணச் சட்டக் கணக்கு. கிறிஸ்தவ, முஸ்லிம் திருமணங்களுக்கு வேறு சட்டம்.

தீர்ப்பு வந்ததும் மறுமணம் செய்யலாமா?
— வாசகி, தாம்பரம்

எதிர்த்து நடந்த வழக்கென்றால் மேல்முறையீட்டுக் காலம் முடியட்டும், 90 நாள் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு. பரஸ்பர சம்மதத் தீர்ப்புக்கு மேல்முறையீடே கிடையாது. சான்றிட்ட நகலை இரண்டாக வாங்கி, கையோடு பெயரைச் சரிபாருங்கள். ஆதாரில் அப்பா பெயர் முழுசாகவும் தீர்ப்பில் வெறும் இனிஷியலாகவும் இருந்தால், பாஸ்போர்ட் அலுவலகத்தில் கேள்வி எழலாம்.