விசில் ஊதாத கோச்
விளையாட்டுக் கேள்வி பதில்: ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்

கேள்வி: அமெரிக்காவில் கல்லூரி ஃபுட்பால் கோச்சுக்கு கவர்னரை விட அதிகச் சம்பளம் என்கிறான் என் மகன். நம்பலாமா? (வாசகர், சேலம்)

தாராளமாக நம்பலாம். அங்கே பல மாநிலங்களில் அரசுச் சம்பளம் வாங்குபவர்களில் முதலிடம் அரசுப் பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் கோச்சுக்கோ கூடைப்பந்து கோச்சுக்கோதான். இது நம் கால்பந்து இல்லை. ஹெல்மெட் மாட்டிக்கொண்டு முட்டை வடிவப் பந்துக்காக மோதுகிற ஆட்டம். அலபாமா பல்கலைக்கழகத்துக்கு 6 சாம்பியன் பட்டம் வாங்கித் தந்த நிக் சேபன், கடைசி ஆண்டுகளில் வருடத்துக்கு 1 கோடி டாலருக்கு மேல் வாங்கினார். டிவி உரிமைப் பணம், லட்சம் பேர் உட்காரும் மைதானம். வருமானம் அப்படி, சம்பளமும் அப்படி.

கேள்வி: பயிற்சியில் டேக்கிள் (பந்து வைத்திருப்பவனைப் பிடித்துக் கீழே வீழ்த்துவது) செய்யவே விடாத அமெரிக்கன் ஃபுட்பால் கோச் ஒருவர் இருந்தார் என்று சென்ற இதழில் ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். பிடித்துப் பழகாமல் கபடி ஆட முடியுமா சார்? கதை விடாதீர்கள். (கபடி ரசிகர், ஒட்டன்சத்திரம்)

கோபம் நியாயம்தான். அவர் பெயர் ஜான் கலார்டி. கொலராடோ மாநிலத்தில் டிரினிடாட் என்ற நிலக்கரிச் சுரங்க ஊர்க்காரர். 1943-ல் பள்ளி கோச்சை ராணுவத்துக்கு அழைத்துக்கொண்டார்கள். டீமையே கலைத்துவிடலாம் என்று பள்ளி நினைத்தபோது, ‘நானே பார்த்துக்கொள்கிறேன்’ என்று முன்வந்தான் 16 வயதுப் பையன். பழைய கோச் பயிற்சியின்போது தண்ணீர் குடிக்க விடமாட்டார். (எங்கள் காலத்தில் நம் ஊர் மைதானங்களிலும் அதே கட்டளைதான்.) பையன் தண்ணீர் கொடுத்தான். மைதானத்தைச் சுற்றி ஓடுவது, தண்டால் வகையறா எல்லாவற்றையும் நிறுத்தினான். வீரனாக இருந்தபோது எதையெல்லாம் வெறுத்தானோ அதையெல்லாம் தூக்கிப் போட்டான், அவ்வளவுதான். டீம் ஜெயித்தது.

அப்புறம் மொன்டானாவில் கேரல் கல்லூரி. 1953-ல் மினசோட்டாவில், பெனடிக்ட் சபைத் துறவிகள் நடத்தும் செயின்ட் ஜான்ஸ். அங்கே 2012 வரை அவர்தான் கோச். விசில் கிடையாது, டேக்கிள் கிடையாது, பயிற்சி ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டாது. கொசு அதிகமென்றால் அன்றைக்கு வெளியே பயிற்சியே இல்லை. ‘கோச்’ என்று கூப்பிடவும் கூடாது. மாணவர்கள் ‘ஜான்’ என்றே கூப்பிட்டார்கள். உடற்பயிற்சியைக் கிண்டல் செய்வதற்கென்றே ஒன்று வைத்திருந்தார்: எல்லோரும் மல்லாந்து படுத்து வானத்தைப் பார்த்து, இன்று நல்ல நாள் என்று பக்கத்தில் இருப்பவனிடம் சொல்ல வேண்டும். விசிலைக் கழுத்தை விட்டுக் கழற்றாத என்னைப் போன்றவர்களுக்கு இதை ஜீரணிக்கவே கொஞ்ச நாள் ஆகும்.

சரி, எப்படி ஜெயித்தார்? அதே ஆட்டத் திட்டத்தைத் திரும்பத் திரும்ப நடத்துவார்கள். யாரைத் தடுக்க வேண்டும், எந்தக் கோணத்தில் ஓடினால் பந்து வைத்திருப்பவனை மறிக்கலாம் என்பது தூக்கத்திலும் வரும். மோதலைச் சனிக்கிழமைப் போட்டிக்கு வைத்துக்கொள்வார்கள். நல்ல ஆட்டக்காரன் பயிற்சியில் காலை உடைத்துக்கொள்வது இல்லை. டிவிஷன் 3 கல்லூரி என்பதால் விளையாட்டு உதவித்தொகை கிடையாது. ஆனாலும் பையன்கள் கூட்டமாகச் சேர்ந்தார்கள், அவர் யாரையும் கழித்து அனுப்பவும் இல்லை.

கபடிக்கு இது அப்படியே பொருந்தாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். கணுக்கால் பிடியைப் பிடித்துத்தான் பழக வேண்டும். ஆனால் வாரம் முழுக்க முரட்டுத்தனமாக மோதவிட்டு, போட்டியன்று நல்ல ரெய்டரை முழங்கால் கட்டோடு பெஞ்சில் உட்கார வைக்கும் கோச்சுகளை நம் மாவட்டங்களிலேயே பார்க்கிறேன். அதற்கு என்ன பெயர் வைப்பது?

கலார்டியை வினோத ஆசாமி என்றே மற்ற கோச்சுகள் ரொம்ப நாள் நினைத்தார்கள். தலைக்காயம் பற்றிய பயம் பரவிய பிறகு, 2010-ல் டார்ட்மத் கல்லூரியின் பட்டி டீவன்ஸ் தன் வீரர்கள் பயிற்சியில் ஒருவரையொருவர் டேக்கிள் செய்வதை நிறுத்தினார். 2016-ல் ஐவி லீக் (டார்ட்மத், ஹார்வர்ட் உள்ளிட்ட 8 கல்லூரிகளின் குழு) கல்லூரிகள் எல்லாமே, சீசன் நடக்கும்போது பயிற்சியில் அது வேண்டாம் என்று முடிவெடுத்தன. கலார்டி அப்போது ஓய்வுபெற்று வீட்டில் இருந்தார்.

கேள்வி: அதிக வெற்றி பெற்ற கல்லூரி ஃபுட்பால் கோச் யார்? அந்தச் சாதனையை இனி முறியடிக்க முடியுமா? (கல்லூரி மாணவி, மதுரை)

மேலே சொன்ன அதே ஜான் கலார்டிதான்: 489 வெற்றி, 138 தோல்வி, 11 டிரா. 2003-ல் கிராம்ப்ளிங்கின் எடி ராபின்சன் வைத்திருந்த 408-ஐ 77 வயதில் தாண்டினார். கறுப்பின மாணவர்களுக்கான அந்தக் கல்லூரியில் 1941 முதல் 1997 வரை இருந்த ராபின்சனுக்கே தனியாக ஒரு பதில் எழுதலாம். அதே 2003 சீசன் இறுதிப் போட்டியில், தொடர்ந்து 55 ஆட்டம் ஜெயித்திருந்த மவுன்ட் யூனியன் கல்லூரியை 24-6 என்று கலார்டியின் டீம் கவிழ்த்தது. 2018-ல் 91 வயதில் காலமானார்.

முறியடிப்பதா? நீங்களே கணக்குப் போடுங்கள்: வருடத்துக்கு 10 வெற்றி என்றாலும் 49 வருடம் வேண்டும். இன்றைக்குப் பெரிய கல்லூரிகளில் இரண்டு சீசன் சரியில்லை என்றாலே கோச்சைப் பெட்டி கட்டச் சொல்லிவிடுகிறார்கள்.